ஒரே இரவில் மாறும் வெளிச்சம்: பிளேசர்களும், இந்தியாவுக்கு இருட்டைத் தேடிக் கொடுத்த வைணு பாப்புவும்

கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு கேலக்ஸி, நீங்கள் இரவுச் சாப்பாடு முடித்துத் தூங்கப் போவதற்குள் பிரகாசத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும். அதைப் படம்பிடிக்கத் தேவையான தொலைநோக்கிகளும் மலைகளும் ஆட்களும் இந்தியாவில் எப்படி வந்தார்கள் என்பதைத் தேடிப் போனால், ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் நிற்கும்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முத்தாரம்மன் கோயில் தசரா. 2024 பிப்ரவரி 28-க்குப் பிறகு இன்னொரு அடையாளமும் சேர்ந்துகொண்டது. அன்றுதான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையின் மேலே பறக்கக் கூடாது என்பதால் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். எஸ்எஸ்எல்வி மாதிரி, 500 கிலோ வரை தூக்கும் சின்ன ராக்கெட்டுகளுக்கு இந்த மிச்சம் பெரிய விஷயம்.

ராக்கெட் விடுவது ஒரு பாதி. மேலே போய் எதைப் பார்ப்பது, கீழே இருந்து எதைப் பார்ப்பது என்பது மறுபாதி. அந்த மறுபாதிக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டவர் மணலி கல்லட் வைணு பாப்பு. 1982-ல் இறந்தார். காவலூர் தொலைநோக்கிக்கு வைத்திருக்கும் பெயராகத்தான் இன்று பலருக்கும் அவரைத் தெரியும்.

முதலில், பிளேசர் என்றால் என்ன?

பெரிய கேலக்ஸி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை இருப்பதாக வானியலாளர்கள் கருதுகிறார்கள். நம் பால்வெளியின் நடுவிலும் உண்டு. அது அமைதியாகக் கிடக்கிறது. சில கேலக்ஸிகளில் அப்படி இல்லை. சுற்றியுள்ள வாயு கருந்துளையை நோக்கிச் சுழன்று விழுகிறது. விழும்போது சூடாகி ஒளிர்கிறது. அதில் ஒரு பகுதி உள்ளே விழாமல், ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் இரண்டு எதிரெதிர் திசைகளில் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. இந்தப் பீச்சுக்குத்தான் ஜெட் என்று பெயர்.

குலசைக்குப் பக்கத்திலேயே மணப்பாடு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதன் ஒளிக்கற்றை வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது கடலில் இருப்பவருக்கு அது சாதாரண வெளிச்சம். நேராக முகத்தில் அடிக்கும்போது கண் கூசும். அதுபோல, ஜெட் கிட்டத்தட்ட பூமியை நோக்கியே நீட்டிக்கொண்டிருக்கும் கேலக்ஸிதான் பிளேசர். ஒரு வித்தியாசம்: கலங்கரை விளக்கம் சுற்றும், ஜெட் அப்படிச் சுற்றுவதில்லை. வேகத்தின் காரணமாக அதன் வெளிச்சம் முன்னோக்கிக் குவிகிறது. நம் கண்ணுக்கு அது ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருகித் தெரியலாம்.

இந்த வகையின் மூத்த உறுப்பினர் வானியலாளர்களையே 40 வருடம் ஏமாற்றியது. ஜெர்மனியின் குனோ ஹோஃப்மைஸ்டர் 1929-ல் பல்லி விண்மீன் குழுவில் ஒரு மினுக்கும் புள்ளியைக் கண்டார். வெளிச்சம் ஏறி இறங்கியதால் மாறொளிர் விண்மீன் என்று பட்டியலில் சேர்த்தார்கள். விண்மீனுக்கு வைக்கும் பாணியிலேயே பிஎல் லாசெர்ட்டே என்று பெயரும் வைத்தார்கள். 1968-ல்தான் அதே இடத்தில் வலுவான ரேடியோ மூலம் இருப்பது தெரிந்தது. பிறகு அது சுமார் 90 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கேலக்ஸி என்று உறுதியானது. பிளேசர் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது 1978-ல்தான்.

மாறும் வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்த பையன்

ஹோஃப்மைஸ்டர் அந்தப் புள்ளியைப் பட்டியலில் சேர்த்தபோது வைணு பாப்புவுக்கு இரண்டு வயது. 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில், மலையாளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. மற்ற பிள்ளைகள் அப்பாவின் ஆபீஸுக்குப் போனால் பார்ப்பது மேஜையும் ஃபைலும். இந்தப் பையனுக்குக் கிடைத்தது தொலைநோக்கி.

மாணவப் பருவத்திலேயே மாறொளிர் விண்மீன்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். அந்த வேலைக்குப் பெரிய கருவி வேண்டாம், பொறுமை வேண்டும். இன்று ஒரு விண்மீன் பக்கத்து விண்மீனைவிட எவ்வளவு மங்கல், நாளை எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு இரவை விட்டால் விட்டதுதான். வெளிச்சம் மாறும் பொருளைப் படிக்கிறவருக்கு இதுதான் முதல் பாடம். பின்னாளில் பாப்பு எடுத்த ஒவ்வொரு பெரிய முடிவிலும் இந்தப் பாடத்தின் சாயல் தெரியும்.

ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படிப்பு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி இயற்பியல் பட்டம், பிறகு ஹைதராபாத் அரசின் உதவித்தொகை. 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் போய் இறங்கினார். அப்போது வயது 21.

போன சில மாதத்திலேயே ஒரு வால்நட்சத்திரம்

அதே வருடம் ஜூலையில், வழக்கமான வானப் புகைப்படத் தகடு ஒன்றில் இருக்கக் கூடாத ஒரு கோடு இருப்பதை பாப்பு கவனித்தார். ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகர்க் இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். புதிய வால்நட்சத்திரம். மூவர் பெயரும் அதற்கு வைக்கப்பட்டது: பாப்பு-போக்-நியூகர்க். பசிபிக் வானியல் சங்கத்தின் டோனோஹோ பதக்கமும் கிடைத்தது.

1952-ல் முனைவர் பட்டம். அடுத்து கார்னகி ஃபெலோஷிப்பில் கலிஃபோர்னியா. மவுண்ட் வில்சன், பாலமர் என்று அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் இருந்த இடம். அங்கே ஓலின் வில்சன் என்ற வானியலாளருடன் சேர்ந்து செய்த வேலைதான் பாப்புவின் பெயரைப் பாடப் புத்தகத்தில் ஏற்றியது.

விஷயம் இதுதான். சூரியனைப் போன்ற அல்லது அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில், கால்சியம் உண்டாக்கும் ஒரு இருண்ட கோடு இருக்கும். அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய ஒரு பிரகாசக் கோடும் தெரியும். அந்தப் பிரகாசக் கோடு எவ்வளவு அகலமோ, விண்மீனின் உண்மையான ஒளித்திறன் அவ்வளவு அதிகம் என்று இருவரும் காட்டினார்கள். உண்மையான ஒளித்திறன் தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டு விண்மீனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். 1957-ல் வெளியான இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

இவ்வளவு கையில் இருந்தால் அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். 1953-ல் பாப்பு இந்தியா திரும்பினார். இங்கே அவருக்கு ஏற்ற தொலைநோக்கி ஒன்றுகூட இல்லை.

கருவி இல்லாத நாட்டில் ஒரு வானியலாளர்

1954-ல் உத்தரப் பிரதேச அரசு வாரணாசியில் ஒரு வானாய்வகம் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் வானியலில் ஆர்வமுள்ள அரசியல்வாதியான சம்பூர்ணானந்த். அந்த வருடக் கடைசியில் முதலமைச்சரும் ஆனார். வானாய்வகத்தின் முதல் தலைவர் சில மாதங்களிலேயே காலமானதால் பொறுப்பு பாப்புவிடம் வந்தது. கங்கைச் சமவெளியின் தூசியும் பனிமூட்டமும் வானியலுக்கு ஆகாது. 1955-ல் ஆய்வகம் நைனிடால் மலைக்கு மாறியது.

1960-ல் பாப்பு தெற்கே வந்தார். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் பதவி. வயது 33-ஐத் தொடவில்லை. கொடைக்கானலுக்கு வேறு பெருமை உண்டு: சூரியனை நாள் தவறாமல் படம் எடுத்து வைத்திருக்கும் நூற்றாண்டுக் கால சேமிப்பு. பகலில் சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவு வானுக்கு அவ்வளவு தோதில்லை, மேகம் விடாது. மங்கலான விண்மீன்களையும் தொலைதூர கேலக்ஸிகளையும் படிக்கப் புதிய இடம் வேண்டும்.

அப்போது ஆய்வகம் வானிலைத் துறையின் கீழ் இருந்தது. மழை, புயல் கணிப்பது முதல் வேலையாக உள்ள ஒரு துறையிடம் கேலக்ஸிகளைப் பார்க்கப் பணம் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1971-ல் கொடைக்கானல் ஆய்வகம் தனியாகப் பிரிந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது. அதன் முதல் இயக்குநரும் பாப்புதான்.

காவலூர்: ஏன் அந்த இடம்?

பல இடங்களை அலசிப் பார்த்துக் கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டம், ஆலங்காயம் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேல். சுற்றிலும் சந்தன மரக் காடு. அருகில் பெரிய நகரம் இல்லை.

உயரத்தை மட்டும் பார்த்தால் இமயமலை முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பாப்பு இன்னும் இரண்டு எண்களைப் பார்த்தார்.

ஒன்று, அட்சரேகை. காவலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.5 பாகையில் இருக்கிறது. அதனால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியும் அங்கே தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தவர்களுக்கு அந்தத் தென் வானம் எட்டாது.

இன்னொன்று, தீர்க்கரேகை. மேற்கே தென்னாப்பிரிக்கா, கிழக்கே ஆஸ்திரேலியா. நடுவில் தென் வானத்தைப் பார்க்க அன்றைக்குப் பெரிய வசதி எதுவும் கிடையாது. இந்த இடைவெளியில்தான் காவலூர் போய் உட்கார்ந்தது.

1968-ல் வேலை தொடங்கியது, வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

இடத்தின் அருமை சீக்கிரமே தெரிந்தது. 1972 ஜூனில் வியாழனின் துணைக்கோள் கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, வெளிச்சம் மங்கிய விதத்தில் மெல்லிய வளிமண்டலத்தின் அறிகுறியைக் காவலூர் பதிவு செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனைக் கடந்து போனது. கிரகம் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் வெளிச்சம் சில விநாடி சரிந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இந்தியப் பெருங்கடல் மேலே விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழு கண்டுபிடிப்பை அறிவித்தது. அந்தச் சரிவைத் தரையிலிருந்து பதிவு செய்தவர்களில் காவலூரின் ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி இருவரும் உண்டு.

அந்தச் சில விநாடிகளை மறுநாள் போய்ப் பார்க்க முடியாது. சரியான தீர்க்கரேகையில், சரியான இரவில், கண் திறந்திருந்தால்தான் உண்டு.

வெளிச்சம் மாறும் வேகத்தில் என்ன தெரியும்?

இப்போது பிளேசருக்கு வருவோம். ஒரு பொருள் எவ்வளவு வேகமாக மினுக்குகிறது என்பதை வைத்தே அது எவ்வளவு பெரியது என்று கணிக்கலாம். எப்படி?

குலசை தசராவில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மேளக் குழுக்கள் நிற்பதாக வையுங்கள். நீங்கள் ஒரு முனையில். எல்லாரும் ஒரே நொடியில் அடிப்பதை நிறுத்தினாலும் உங்களுக்குச் சத்தம் சட்டென்று நிற்காது. பக்கத்துச் சத்தம் உடனே நிற்கும். மறுமுனைச் சத்தம் வந்து சேர 3 விநாடி ஆகும். ஆக, சத்தம் தேய்ந்து அடங்க 3 விநாடி. மாறாக, சத்தம் பத்தில் ஒரு விநாடிக்குள் அறுந்து நின்றால், மொத்தக் கூட்டமும் 35 மீட்டருக்குள்தான் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். ஒரு மூலம் ஒரு மணி நேரத்தில் பிரகாசத்தை இரட்டிப்பாக்கினால், அது ஒளி ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அதாவது சுமார் 108 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து அளந்தால் வியாழனைத் தாண்டும், சனியை எட்டாது. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து ஒரு முழு கேலக்ஸியையே மங்கடிக்கும் வெளிச்சம்!

ஆனால் பிளேசரில் ஒரு திருகல் உண்டு. வெளிச்சம் கிளம்பும் பொருளே நம்மை நோக்கி, ஒளிக்குக் கொஞ்சம்தான் குறைவான வேகத்தில் ஓடி வருகிறது.

கடலிலிருந்து கரைக்கு ஒரு வள்ளம் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை ஒரு பைபர் படகில் தகவல் அனுப்புகிறது; அதன் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். முதல் படகு கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கிளம்பும்போது, வள்ளமும் 9 கிலோமீட்டர் முன்னேறி வந்துவிட்டது. முதல் படகு இருப்பது வெறும் ஒரு கிலோமீட்டர் முன்னால். விளைவு, கரையில் நிற்பவருக்கு இரண்டு படகும் 6 நிமிட இடைவெளியில் வந்து சேரும். அங்கே ஒரு மணி நேரம், இங்கே 6 நிமிடம்.

ஜெட்டில் நடப்பதும் இதே மாதிரிதான். அங்கே மணிக்கணக்கில் நடப்பது நமக்கு நிமிடக் கணக்கில் சுருங்கித் தெரிகிறது. ஆகவே மினுக்கும் பகுதி, நேரடிக் கணக்கு சொல்வதைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ பெரிதாக இருக்கலாம்.

இன்னும் அவிழாத முடிச்சு

இதோடு புதிர் தீர்ந்ததா என்றால், இல்லை. 2006 ஜூலையில் நமீபியாவில் உள்ள ஹெஸ் காமா கதிர் தொலைநோக்கி, பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசர் வெடித்துப் பிரகாசிப்பதைப் பதிவு செய்தது. சுமார் 150 கோடி ஒளியாண்டு தொலைவு. அதன் காமா கதிர் வெளிச்சம் மூன்று நான்கு நிமிடங்களில் இரட்டிப்பானது.

சூரியனைப் போல் 100 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளையின் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றுக்கும் மூலமான கருந்துளையைவிட, அதிலிருந்து வரும் மினுக்கல் சின்ன இடத்தில் நடக்கிறதா? ஜெட்டுக்குள் இன்னும் வேகமான குட்டி ஜெட்டுகள் இருக்கலாம், காந்தப்புலக் கோடுகள் அறுந்து ஒட்டும் இடங்களில் ஆற்றல் திடீரென வெளிப்படலாம் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. எது சரி என்று முடிவாகவில்லை.

முடிவு செய்ய ஒரே வழி, மேலும் மேலும் பதிவுகள். வெளிச்சம் எப்போது ஏறியது, எந்த நிறத்தில் முதலில் ஏறியது, எக்ஸ் கதிரும் கூடவே ஏறியதா என்று இடைவெளி இல்லாமல் பார்க்க வேண்டும். ஆனால் எந்த ஆய்வகத்துக்கும் விடிந்துவிடும். ஹவாயில் விடியும்போது ஆஸ்திரேலியாவில் இருட்டு. ஆஸ்திரேலியா விட்ட இடத்தில் இந்தியா பிடிக்க வேண்டும், இந்தியா விட்ட இடத்தில் கேனரி தீவுகளும் பிறகு சிலியும். தொடர் ஓட்டத்தில் ஒருவர் இல்லாவிட்டால் குச்சி கீழே விழும். 1997-ல் தொடங்கிய உலகளாவிய பிளேசர் கண்காணிப்புக் கூட்டமைப்பு இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. அதில் இந்தியத் தொலைநோக்கிகளும் பங்கெடுக்கின்றன.

மேப்பை எடுத்துப் பாருங்கள். நைனிடால், காவலூர், லடாக்கின் ஹான்லே மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 79 பாகையை ஒட்டி, மேலும் கீழுமாக இருக்கின்றன. குலசேகரன்பட்டினமும் 78 பாகையில் அதே வரிசையில்தான். உலகத்தின் இந்தத் துண்டுக்கு இரவு வரும்போது கண் விழித்திருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

வாங்குவதா, செய்வதா?

பாப்புவிடம் திரும்புவோம். 1 மீட்டர் தொலைநோக்கி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மங்கலான கேலக்ஸிகளைப் படிக்க அது போதாது. பெரிய தொலைநோக்கி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சில வருடங்களில் வேலை முடிந்துவிடும். பாப்பு வேறு வழியை எடுத்தார்: இங்கேயே செய்வது.

2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியை நுணுக்கமாக இழைத்து மெருகேற்றும் வேலை நிறுவனத்தின் சொந்தக் கூடத்தில் நடந்தது. பெரிய இயந்திர பாகங்களை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்து கொடுத்தது. இந்தியாவில் அதுவரை யாரும் இந்த அளவில் செய்யாத வேலை. செய்யச் செய்யத்தான் கற்றுக்கொள்ள முடிந்தது. வருடங்கள் ஓடின.

இதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அந்த வருடங்களில் ஒரு பெரிய தொலைநோக்கி கையில் இருந்திருந்தால் எத்தனை ஆய்வுகள் நடந்திருக்கும்? கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் கருந்துளைகளைப் பற்றி உலகமே பேசத் தொடங்கிய காலம் அது. காத்திருந்ததன் விலை உண்மையானது. மறுபக்கம், வாங்கியிருந்தால் கருவி மட்டும் கிடைத்திருக்கும். செய்ததால் கண்ணாடி இழைக்கவும், கருவி வடிவமைக்கவும், கட்டுப்பாட்டு மின்னணுவியல் செய்யவும் தெரிந்த ஒரு தலைமுறை கிடைத்தது. பாப்பு பந்தயம் கட்டியது அந்த ஆட்கள் மேல்.

அவரது பெயர் இதற்குள் உலக அளவில் பெரிதாகியிருந்தது. 1970-ல் பட்நாகர் விருது. 1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1981-ல் பத்மபூஷண்.

1982 ஆகஸ்டில் அந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டம் கிரீஸ் நாட்டின் பத்ராஸ் நகரில் நடந்தது. தலைவரால் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தார். ஆகஸ்ட் 19 அன்று அங்கேயே இறந்தார். 55 வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய பெரிய தொலைநோக்கி அப்போது இன்னும் முடியவில்லை.

1985-ல் அதே சங்கத்தின் பொதுக்கூட்டம் டெல்லியில் நடந்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அன்றைய ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் அது ஒன்று.

அவர் பார்க்காத இரவுகள்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாப்பு பிளேசர் ஆய்வாளர் அல்ல. சூரியன், விண்மீன்களின் மேலடுக்கு, வால்நட்சத்திரம் இவைதான் அவர் களம். பிளேசர் என்ற சொல் பிறந்து நான்கே வருடத்தில் அவர் இறந்துவிட்டார். ஆனால் இந்தியாவில் பிளேசர் ஆய்வு நடந்த இடங்களைப் பட்டியல் போட்டால், பாதிக்கு மேல் அவர் கைபட்ட இடங்களாக இருக்கும்.

அவர் வளர்த்த நைனிடால் ஆய்வகத்துக்கு 1972-ல் 104 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. கோபால் கிருஷ்ணா, ராம் சாகர், அமெரிக்காவின் பால் வீட்டா ஆகியோர் 1990-களிலிருந்து குவேசர்களையும் பிளேசர்களையும் ஒரே இரவுக்குள் மாறும் வெளிச்சத்துக்காகக் கண்காணித்தார்கள். நைனிடாலோடு காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இந்த வேலைக்குப் பயன்பட்டது.

முறை எளிமையானது. ஒரே மூலத்தைப் பல மணி நேரம் விடாமல் படம் எடுக்க வேண்டும். அதே படத்தில் இருக்கும் பக்கத்து விண்மீன்களோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். மெல்லிய மேகம் குறுக்கே வந்தால் எல்லாமே சேர்ந்து மங்கும். மூலம் மட்டும் தனியாக மாறினால் மாற்றம் நிஜம். ஹைதராபாத்தில் ஒரு கல்லூரி மாணவர் மாறொளிர் விண்மீன்களைப் பார்த்த அதே முறைதான்; கண்ணுக்குப் பதில் மின்னணுக் கேமரா, அவ்வளவுதான்.

இந்த ஆய்வுகளில் ஒரு வித்தியாசம் துலக்கமானது. ஜெட் நம்மை நோக்கி இருக்கும் பிளேசர்கள் ஒரே இரவில் அடிக்கடி, கணிசமாக மாறுகின்றன. வலுவான ஜெட் இல்லாத குவேசர்கள் எப்போதாவதுதான் மாறுகின்றன, அதுவும் சில சதவீதம். வேகமான மினுக்கலுக்கு முக்கியக் காரணம் ஜெட்தான் என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது.

பாப்பு தொடங்கி வைத்த நிறுவனம் பிறகு ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி அமைத்தது. பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேவிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அதை இயக்குகிறார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் முன்னணி வகித்ததும் அதே நிறுவனம். ஒரே மூலத்தைப் புறஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் ஆஸ்ட்ரோசாட்டின் பலம். பிளேசர் ஆய்வுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

எக்ஸ் கதிர் நம் காற்று மண்டலத்தைத் தாண்டி கீழே வராது. அதைப் பார்க்க மேலே போயே ஆக வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று கிளம்பிய எக்ஸ்போசாட்டும் எக்ஸ் கதிரைத்தான் படிக்கிறது. ஆய்வுச் செயற்கைக்கோள்கள் சிறியதாகி வரும் காலம் இது. சின்ன ராக்கெட்டுகளுக்கான குலசை ஏவுதளத்தை வானியலாளர்கள் ஆர்வத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என்ன ஆபத்து?

காவலூரைச் சந்தன மரக் காடு சூழ்ந்திருந்த காலத்தில் இருட்டு இலவசமாகக் கிடைத்தது. இன்று மலையடிவார ஊர்கள் வளர்ந்துவிட்டன. தெருவிளக்குகளின் வெளிச்சம் வானத்தில் படிந்து, மங்கலான மூலங்களை மூழ்கடிக்கிறது. தொலைநோக்கியைச் சரிசெய்யலாம், கேமராவை மாற்றலாம். போன இருட்டைத் திரும்ப வாங்க முடியாது. ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருள் வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது இந்தப் பயத்தால்தான். அங்கே கிராமத்து வீடுகளின் விளக்கு எந்தப் பக்கம் பார்த்து எரிய வேண்டும் என்பதுவரை யோசிக்கிறார்கள். விளக்கை அணைக்க வேண்டியதில்லை. தரையை நோக்கித் திருப்பி, மேலே ஒரு மூடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கரண்ட் பில்லும் குறையும்.

பாப்புவின் பெயரில் இன்று ஒரு ஆய்வகம் இருக்கிறது, ஒரு தொலைநோக்கி இருக்கிறது, 2596 என்ற எண்ணுள்ள சிறுகோளும் இருக்கிறது. அவர் விட்டுப்போன வேலை இன்னும் எளிமையானது: ஒவ்வொரு இரவும் யாராவது ஒருவர் இந்தத் தீர்க்கரேகையில் விழித்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும். 150 கோடி வருடம் பயணித்து வரும் வெளிச்சம் நான்கு நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். அந்த நான்கு நிமிடம் இந்தியாவின் இரவில் விழுந்தால், வானம் இருட்டாக இருக்க வேண்டும்.